உழைப்பின் வரலாறு – 14: தையல் பெண்களின் பல்கலைக்கழகம்

சென்ற இதழை நியூயார்க்கின் ட்ரையாங்கிள் தொழிற்சாலைத் தீயோடு நிறுத்தியிருந்தோம். 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடிகிற நேரம். பூட்டிய கதவுக்குப் பின்னால் சிக்கியும், ஒன்பதாவது மாடி ஜன்னலிலிருந்து குதித்தும் 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், ரஷ்யப் பேரரசிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். முதலாளிகள் இருவரும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு ஓர் உயிருக்கு 75 டாலர் என்று கணக்குத் தீர்த்தார்கள்.

அந்தத் தீயின் விளைவாக நியூயார்க் மாநிலம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்ததும், அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக 30-க்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்ததும் பலரும் அறிந்த கதை. தெருவில் நின்று அந்தச் சாவுகளைக் கண்ணால் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933-ல் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அந்நாட்டு அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். இவையெல்லாம் பெரிய காரியங்கள். ஆனால் இந்த இதழில் நான் சொல்ல வருவது அதிகம் பேசப்படாத ஒன்றைப் பற்றி. அதே தையல் பெண்கள், அதே ஆண்டுகளில், தங்களுக்கென்று ஒரு கல்வியைக் கட்டி எழுப்பினார்கள். பகலெல்லாம் இயந்திரத்தை மிதித்துவிட்டு இரவில் பொருளாதாரம் படித்தார்கள். ஏன் படித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தத் தொழிற்கூடத்துக்குள் போக வேண்டும்.

தையல் தொழிலில் உச்சியில் இருந்தவர் கட்டிங் மாஸ்டர். பல அடுக்காக விரித்த துணியின் மேல் அட்டை வடிவங்களை நெருக்கமாகப் பொருத்தி, துணி வீணாகாமல் வெட்டுகிற வேலை அவருடையது. ஒரு தப்பு வெட்டு பல டஜன் உடுப்புகளைக் குப்பையாக்கிவிடும். அதனால் அவருக்குக் கூலியும் அதிகம், மரியாதையும் அதிகம். அந்த மேசையில் நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். அடுத்த படியில் தேர்ந்த தையல் இயந்திரக்காரிகள். 1909 வாக்கில் அவர்கள் வாரத்துக்கு 7 முதல் 12 டாலர் வரை சம்பாதித்தார்கள். எல்லோருக்கும் கீழே நூல் வெட்டுவது, பட்டன் எடுத்துக் கொடுப்பது, சில்லறைத் தையல் என்று அலைகிற கற்றுக்குட்டிப் பெண்கள். அவர்களுக்கு வாரம் 3, 4 டாலர்தான். தொழிலாளரில் நான்கில் ஒரு பங்கு வரை இந்தக் கற்றுக்குட்டிகளே இருந்தார்கள்.

ஒருத்தி எப்போது கற்றுக்குட்டி நிலையைக் கடந்துவிட்டாள் என்று சொல்வது யார்? முதலாளியும், அவர் கீழ் பெண்களை வேலைக்கு அமர்த்திக்கொண்ட உள்குத்தகைக்காரரும்தான். கை பழகி, வேகம் வந்து, முழுத் தையல்காரியின் வேலையைச் செய்த பிறகும் பழைய கூலியிலேயே ஒருத்தியை வைத்திருக்க முடிந்தது. எதிர்த்துக் கேட்டால் வாசலில் இன்னொருத்தி நின்றாள். பல இடங்களில் ஊசிக்கும் நூலுக்கும் இயந்திரம் ஓடுகிற மின்சாரத்துக்கும் கூட அவளுடைய கூலியில் பிடித்தம். மற்றவர்களுக்கு பீஸ் ரேட், அதாவது தைத்த ஒவ்வொரு உருப்படிக்கும் இவ்வளவு என்கிற கூலி. ஒவ்வொரு பருவத்துக்கும் புது மாடல் வரும், ஒவ்வொரு மாடலுக்கும் புது ரேட் வரும். காலரில் கூடுதலாக ஒரு மடிப்பு வைத்தால் எத்தனை நிமிடம் கூடும், அதற்கு எத்தனை சென்ட் சேர வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரியும். தைப்பவளுக்கோ அந்த வேலை விரல்களுக்குத் தெரியும், கணக்கு தெரியாது. கூலிப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தால் அதைப் படிக்கவும் தெரியாது.

கைத்தொழிலை முறையாகக் கற்றுக்கொடுத்தால் இந்தப் பெண்கள் கற்றுக்குட்டிக் காலத்தின் சுரண்டலிலிருந்து தப்பலாமே என்று சிலர் யோசித்தார்கள். அப்படி 1902-ல் பிறந்தது மன்ஹாட்டன் பெண்கள் தொழிற்பள்ளி. மேரி ஷெங்க் வுல்மன் அதை நடத்தினார். பள்ளிப் படிப்பை விட்டு 14 வயதில் வேலைக்குப் போகிற பெண்களைச் சேர்த்து, மின்சாரத் தையல் இயந்திரம், உடை தைத்தல், தொப்பி செய்தல் போன்றவற்றை உண்மையான தொழிற்கூட முறையிலேயே பழக்கினார்கள். 1910-ல் மாநகரக் கல்வி வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல பள்ளி. அதில் படித்து வெளியே போன பெண் அடிமட்டக் கூலியில் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் சென்று சேர்ந்த தொழிற்கூடத்தில் வேலைநேரம் எத்தனை, ரேட் எத்தனை, கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் அவள் கற்ற கைத்திறனால் மாற்ற முடியவில்லை. ட்ரையாங்கிளில் இறந்தவர்களிலும் தொழில் நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இந்த இடைவெளியைச் சங்கம்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

சர்வதேச மகளிர் ஆடைத் தொழிலாளர் சங்கம் 1900 ஜூனில் நியூயார்க்கில் தொடங்கியபோது அதில் சில ஆயிரம் பேர்கூட இல்லை. 1909 நவம்பர் 22-ஆம் தேதி இரவு, கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெரிய தலைவர்கள் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் மேடையேறி இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தத் தீர்மானத்தை முன்மொழிந்ததை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அடுத்த சில நாட்களில் 20,000 பேர் வெளியே வந்தார்கள். மூன்று மாதக் குளிரில், போலீஸ் அடிக்கும் கைதுகளுக்கும் நடுவே நின்று, 300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் ஒப்பந்தம் பெற்றார்கள். வாரத்துக்கு 52 மணி நேர வேலை. ஊசிக்கும் மின்சாரத்துக்கும் பிடித்தம் கூடாது. அடுத்த ஆண்டு மேலங்கி தைக்கும் ஆண்கள் சுமார் 60,000 பேர் வேலைநிறுத்தம் செய்ய, வழக்கறிஞர் லூயிஸ் பிராண்டைஸ் நடுவில் நின்று 'அமைதி உடன்படிக்கை' ஒன்றை உருவாக்கினார். 1913-ல் சட்டை, கவுன் தைக்கும் பெண்களின் தொழிலுக்கும் அதேபோன்ற உடன்படிக்கை வந்தது.

இந்த உடன்படிக்கைகள்தான் படிப்பின் தேவையைக் கூர்மையாக்கின என்பது என் கருத்து. இனி ஒவ்வொரு கூடத்திலும் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த விலைக் குழு, புது மாடல் வரும்போதெல்லாம் முதலாளியோடு உட்கார்ந்து பீஸ் ரேட்டைப் பேசித் தீர்க்க வேண்டும். புகார் என்றால் அதை எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவர் முன்னால் வாதாட வேண்டும். வேலைநிறுத்தத்தில் தைரியம் போதும். விலைக் குழுவில் தைரியத்தோடு கணக்கும் மொழியும் வேண்டும். வென்ற ஒப்பந்தத்தைக் காப்பாற்றத் தெரியாத சங்கம் அடுத்த மந்த காலத்திலேயே கரைந்துவிடும். தையல் தொழிலில் வருடத்துக்குப் பல மாதம் மந்தம்தான்.

பெண்கள் நிறைந்த 25-ஆம் எண் கிளைதான் முதலில் எழுந்தது. 1915-ல் ஜூலியட் ஸ்டூவர்ட் பாய்ன்ட்ஸ் என்ற வரலாற்று ஆசிரியையைக் கல்வி இயக்குநராக வைத்துக்கொண்டது. பொதுப்பள்ளிக் கட்டடங்கள் மாலையில் சும்மாதானே கிடக்கின்றன என்று மாநகரத்திடம் கேட்டுப் பெற்று, 'ஒற்றுமை மையங்கள்' என்ற பெயரில் இரவு வகுப்புகள் தொடங்கினார்கள். ஆங்கிலம், பொருளாதாரம், தொழிலாளர் வரலாறு, இலக்கியம், உடல்நலம், உடற்பயிற்சி. அங்கே ஆங்கிலம் கற்றுத் தந்த முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வந்தேறிகளுக்கென்று அன்று இருந்த பாடநூல்கள், நேரத்துக்கு வேலைக்குப் போ, மேலதிகாரிக்குக் கீழ்ப்படி என்கிற வகை. சங்க இயக்கத்தைச் சேர்ந்த பெண்கள் அதை ஒதுக்கிவிட்டு, கூலி, வேலைநேரம், சங்கக் கூட்டம், ஒப்பந்தம் ஆகியவற்றையே வாசிப்புப் பாடங்களாக்கினார்கள். ஒருத்தி கற்கும் முதல் ஆங்கில வாக்கியமே அவள் மறுநாள் தொழிற்கூடத்தில் பேச வேண்டிய வாக்கியமாக இருந்தது.

1916-ல் மத்தியச் சங்கமே கல்விக்கென ஒரு துறையை ஏற்படுத்தியது. அதே ஆண்டு ஃபானியா கோன் சங்கத்தின் துணைத் தலைவராகத் தேர்வானார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பவர் இவர். 1885-ல் இன்றைய பெலாரஸில் ஓரளவு வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, 1904-ல் அமெரிக்கா வந்தவர். உறவினர் கல்லூரிக்கு அனுப்பத் தயாராக இருந்தபோதும் தையல் கூடத்துக்கே போய்ச் சட்டைக்கை தைக்கும் வேலையில் சேர்ந்தார். 1918-லிருந்து கல்வித்துறையின் செயலாளர். அவர் காலத்தில் ஒற்றுமை மையங்களுக்கு மேலே ஒரு படியாக, வாஷிங்டன் இர்விங் உயர்நிலைப் பள்ளியில் 'தொழிலாளர் பல்கலைக்கழகம்' நடந்தது. பேராசிரியர்கள் வந்து பாடம் சொன்னார்கள். மாணவியர் இயந்திரத்திலிருந்து எழுந்து நேரே வந்தவர்கள். 1921-ல் பல சங்கங்களின் கல்வி முயற்சிகளை இணைக்கும் தொழிலாளர் கல்விப் பணியகம் அமைந்ததிலும், நியூயார்க் மாநிலத்தின் கட்டோனாவில் புரூக்வுட் தொழிலாளர் கல்லூரி பிறந்ததிலும் கோனின் பங்கு உண்டு. அதே 1921 கோடையில் பிரின் மார் பெண்கள் கல்லூரி தன் வளாகத்தை ஆலைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது. செல்வந்தர் வீட்டுப் பெண்கள் படித்த அறைகளில் எட்டு வாரம் தையல்காரிகளும் நெசவுப் பெண்களும் தங்கிப் படித்தார்கள். 1938 வரை அந்தக் கோடைப் பள்ளி நடந்தது.

படிப்பு மட்டுமல்ல, சங்கம் உடைமைகளையும் சேர்த்தது. தையல் தொழிலாளரைக் காசநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1913-ல் டாக்டர் ஜார்ஜ் பிரைஸ் தலைமையில் சங்க மருத்துவமனை தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தொழிற்சங்கம் தன் உறுப்பினர்களுக்காக நடத்திய முதல் மருத்துவ மையம் அது. 1919-ல் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதியில் 750 ஏக்கர் நிலத்தோடு 'யூனிட்டி ஹவுஸ்' ஓய்வில்லத்தை 25-ஆம் கிளைப் பெண்கள் வாங்கினார்கள். ஏரிக்கரையில் விடுமுறை என்பது பணக்காரருக்கே உரியது என்றிருந்த காலம் அது. ஆண்கள் உடுப்புத் தைக்கும் அண்டைச் சங்கமான அமால்கமேட்டட், சிட்னி ஹில்மன் தலைமையில் இன்னும் ஒரு படி முன்னே போய், 1923-ல் நியூயார்க்கில் தொழிலாளர் வங்கியே தொடங்கிவிட்டது. அது இன்றும் நடக்கிறது. 1927-ல் பிராங்க்ஸ் பகுதியில் தொழிலாளர் கூட்டுறவுக் குடியிருப்பையும் அதே சங்கம் கட்டியது. வாடகைக்காரர்களாகவே வாழ்ந்து முடிய வேண்டியவர்கள் பங்குதாரர்களாகக் குடியேறினார்கள்.

ஆனால் 1926-ல் பெரிய அடி விழுந்தது. மேலங்கித் தொழிலாளர் வேலைநிறுத்தம் கம்யூனிஸ்டுகளின் தலைமையில் தொடங்கி, மாதக்கணக்காக இழுத்து, சங்கத்துக்குள் நடந்த கோஷ்டிச் சண்டையோடு சேர்ந்து தோல்வியில் முடிந்தது. 35 லட்சம் டாலர் கரைந்தது. மூன்றாண்டு கழித்துப் பெருமந்தம். 1932-ல் டேவிட் டுபின்ஸ்கி தலைவரானபோது சங்கத்தில் 40,000 பேர் அளவுக்கே மிஞ்சியிருந்தார்கள். அவர் 10-ஆம் எண் கிளையிலிருந்து வந்தவர், அதாவது கட்டிங் மாஸ்டர்களின் கிளையிலிருந்து. இதைப் பிறகு நினைவில் கொள்ளுங்கள். 1933-ல் சங்கம் சேரும் உரிமையை ரூஸ்வெல்ட் அரசு சட்டத்தில் எழுதியதும், ஆகஸ்டில் நடந்த ஒரே வேலைநிறுத்தத்தில் நியூயார்க்கின் கவுன் தொழில் முழுவதும் சங்கத்தின் கைக்கு வந்தது. ஓராண்டில் உறுப்பினர் எண்ணிக்கை 2 லட்சம் ஆனது.

அந்த வெள்ளத்தை எதிர்கொள்ள ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இரவுப் பள்ளிகளில் தேறியவர்களிலிருந்து. ரோஸ் பெசோட்டாவைப் பாருங்கள். உக்ரைனிலிருந்து வந்து நியூயார்க்கில் சட்டை தைத்தவர். 25-ஆம் கிளையின் வகுப்புகளில் தொடங்கி, பிரின் மார் கோடைப் பள்ளி, பிறகு புரூக்வுட் கல்லூரி என்று படித்தவர். 1933-ல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கே மெக்சிகோப் பெண்களைச் சங்கமாகத் திரட்டவே முடியாது என்று சங்கத்தின் ஆண்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெசோட்டா ஸ்பானிய மொழி வானொலியில் சங்கத்தைப் பற்றிப் பேசவைத்தார், வீடு வீடாகப் போனார், அந்தப் பெண்களை வீதிக்குக் கொண்டுவந்தார். 1934-ல் அவரும் துணைத் தலைவர் ஆனார்.

1937 நவம்பரில் அரங்கேறிய 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்' இசை நாடகத்தில் நடித்தவர்களும் பாடியவர்களும் தையல் தொழிலாளர்களே. ஹரால்ட் ரோம் இசையமைத்தார். 1,108 காட்சிகள் ஓடியது. சங்கத்தின் பண்பாட்டுப் பணிகளில் இதுவே மிகவும் புகழ்பெற்றது; ஆனாலும் 1941-ல் நடந்த இன்னொன்றை அதற்கு மேலே வைப்பேன். அந்த ஆண்டு சங்கம் தனக்கென ஒரு பொறியியல் துறையை அமைத்தது. வில்லியம் காம்பர்க் அதன் பொறுப்பாளர். அதுவரை ஸ்டாப்வாட்ச்சோடு தையல்காரியின் பின்னால் நின்று நிமிடத்தை அளந்தது முதலாளியின் ஆள்தான். இனி சங்கத்தின் ஆளும் அளந்தார். ரேட் தகராறு வந்தால் இரு பக்கமும் எண்களோடு பேசின. கூடங்களின் விலைக் குழு உறுப்பினர்களுக்கும் அந்த அளவை முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்குட்டிப் பெண்ணின் கூலியை முதலாளி ஒருவரே முடிவு செய்த 1909-ஐ நினைத்தால், தொழில் அறிவு எவ்வளவு தூரம் கைமாறியிருந்தது என்று தெரியும். ஒரு தொழிலாளி வர்க்கத்தின் பொருளாதார பலம் என்று நான் சொல்வது இதைத்தான். வேலைநிறுத்த நிதி ஒரு பருவத்தில் தீர்ந்துவிடும். தன் வேலையின் விலையைத் தானே கணக்கிடத் தெரிந்த பெண்ணை யாரும் திரும்பவும் கற்றுக்குட்டி ஆக்க முடியாது.

கைத்தொழிற்கல்வியும் இதே காலத்தில் வளர்ந்தது. 1926-ல் நியூயார்க்கில் தொடங்கிய தையல் தொழிற்பள்ளிக்கு முதலாளிகளும் சங்கங்களும் சேர்ந்து தோள் கொடுத்தார்கள். 24-ஆம் தெருவில் அதற்குப் பெரிய கட்டடம் எழுந்தது. அதன் அரங்கச் சுவரில் ஏர்னஸ்ட் ஃபீன் 1940-ல் முடித்த ஓவியத்தில் தையல் தொழிலின் வரலாறு முழுதும் இருக்கிறது. ட்ரையாங்கிள் தீயும் இருக்கிறது. தொழில் கற்க வரும் பிள்ளைகள், அந்தத் தொழிலில் செத்தவர்களையும் பார்த்தபடி கற்றார்கள். எந்த ஊர்த் தொழிற்பள்ளிக்கும் இப்படி ஒரு சுவர் வேண்டும்.

இனி கசப்பான பகுதி. இந்தச் சங்கத்தில் 85 விழுக்காடு பெண்கள். நிர்வாகக் குழுவில் பல ஆண்டுகள் ஒரே ஒரு பெண். 1925-ல் ஃபானியா கோன் துணைத் தலைவர் பதவியை இழந்தார். 1935-ல் கல்வித்துறைக்கு மார்க் ஸ்டாரை இயக்குநராகக் கொண்டுவந்தார்கள். திறமையானவர்தான், பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து படித்து மேலே வந்தவர். ஆனால் அந்தத் துறையைக் கட்டியவர் ஓரமாக ஒரு மேசையில் 1962 வரை உட்கார்ந்திருந்தார். ஒரே பெண்ணாக அமர்ந்து இத்தனை பேருக்குப் பேச முடியாது என்று 1944-ல் ரோஸ் பெசோட்டா மறுதேர்தலுக்கு நிற்காமல் விலகினார். விலகி எங்கே போனார்? தையல் இயந்திரத்துக்குத் திரும்பினார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு யூத, இத்தாலியப் பெண்களின் இருக்கைகளில் கறுப்பினப் பெண்களும் புவர்ட்டோ ரிக்கோப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். சந்தா கட்டினார்கள், மருத்துவமனைக்குப் போனார்கள், ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் கிடைத்தது. ஆனால் கட்டிங் மேசை கிடைக்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஒரு கறுப்பினத் தொழிலாளி, 10-ஆம் எண் கிளை தன்னைச் சேர்க்க மறுப்பதாக நியூயார்க் மாநில மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். 1962-ல் நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால், கறுப்பினத்தவரும் புவர்ட்டோ ரிக்கோவினரும் மிகக் குறைந்த கூலி வேலைகளிலேயே முடக்கப்பட்டிருக்கிறார்கள் என்று கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ஹெர்பர்ட் ஹில் சாட்சி சொன்னார். டுபின்ஸ்கி கொதித்துப் போய் மறுத்தார். அவர் அந்தக் கிளையிலிருந்து வந்தவர் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

அதே 1962 மே மாதம், சங்கத்தின் பணத்தில் மன்ஹாட்டனில் எழுந்த பென் சவுத் கூட்டுறவுக் குடியிருப்பை, 2,820 வீடுகள் கொண்டது, குடியரசுத் தலைவர் கென்னடி வந்து திறந்துவைத்தார். இரண்டும் ஒரே சங்கம், இரண்டும் உண்மை. வாழ்வுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன் உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுத்த சங்கம், உயர்ந்த கூலி தரும் அந்த ஒரு வேலையைக் கற்கும் வழியை மட்டும் எல்லோருக்கும் திறக்கவில்லை. மருத்துவமனை, வீடு, பல்கலைக்கழகம் எல்லாம் இருந்தும் தையல் பெண்ணின் கூலி நாட்டின் மற்ற ஆலைத் தொழிலாளரைவிடப் பின்தங்கியதற்கு இறக்குமதியும் தெற்கு மாநிலங்களுக்கு ஓடிய கூடங்களும் முதல் காரணங்கள். இந்த அடைத்த வழிக்கும் அதில் பங்கு உண்டு. இதை மறைத்து இந்தச் சங்கத்தின் வரலாற்றை எழுதக் கூடாது.

1995-ல் அது ஆண்கள் உடுப்பு, நெசவுத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து, தன் பெயரை விட்டது. அடுத்த இதழில், நியூயார்க்கை விட்டு ஓடிய அந்தத் தையல் கூடங்களைப் பின்தொடர்ந்து தெற்கு மாநிலங்களுக்கும் கடல் கடந்தும் போவோம்.